ஆறாவது பாட்டில் வரும் சத்தம்

மார்ச் 3, செவ்வாய்

ஆறு வருஷமாக வாய் ஓயாமல் பேசிய எங்கள் குழுவின் முதல் ஆல்பம், இன்று பதிவு ஆரம்பம். பத்துப் பாட்டு. எல்லாரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், சுற்றும் டேப்பில். அந்தக் காலத்து ஹார்ட் ராக் குழுக்கள் செய்த மாதிரியே. கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுகிற வேலையே கிடையாது என்பது தம்பி போட்ட சட்டம். இன்னொரு சட்டமும் உண்டு: முழு வேஷத்தில்தான் பாடுவான். பெல்பாட்டம், நாலு அங்குலக் குதிகால் பூட்ஸ், கண் மை, சம்கி கோட்டு. வேஷம் இல்லாவிட்டால் குரலே வராதாம். மைக்குக்குக் கண்ணா இருக்கிறது? எல்லாரும் அவனை மயில் என்று கூப்பிடுவது சும்மா இல்லை.

அந்தக் கோட்டைத் தைத்தது நான். டிரம்ஸ் அடிப்பது போதாது என்று தையல் வேலையும் என் தலையில். பிளாஸ்டிக் சம்கி போதும் என்றுதான் அவன் சொன்னான். விளக்கு வெளிச்சத்தில் அது பளிச்சென்று இருக்காது என்று நான்தான் தகட்டுச் சம்கியாகத் தேடி வாங்கினேன். ஆயிரத்து நானூறு. ஒவ்வொன்றாக. விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து. போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நின்றான், அதுதான் எனக்குக் கிடைத்த நன்றி.

மூன்று பாட்டு முடிந்தது. கால் வலி.

மார்ச் 5, வியாழன்

இன்று ஆறாவது பாட்டு. என் பாட்டு. ஆல்பத்தில் நான் எழுதியது இது ஒன்றுதான். நான் வேலை பார்க்கிற, பல் செட் செய்கிற கூடத்தில், மெழுகில் பல் பதித்துக்கொண்டே முணுமுணுத்து உண்டானது. முதல் ஒன்றரை நிமிஷம் தம்பி குரலும் என் கால் டிரம்மும் மட்டும். பிறகுதான் நெட்டையனின் கிடார் இறங்கும். மூன்றாவது தடவை பதிந்ததை, அந்த மூன்றாவது டேக்கை, எப்படிச் சொல்வது? ஆறு வருஷத்தில் நான் அப்படி அடித்ததே இல்லை. முடிந்ததும் நெட்டையன் கிடாரைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டான்.

போட்டுக் கேட்டோம். அந்த அமைதியான இடத்தில் ஒரு சத்தம். சிலுக். சிலுக். என் அடிக்கு அடி, பிசகாமல்.

"டிரம்ஸ்லதான் ஏதோ லூசா இருக்கு" என்றார் ஸ்டூடியோக்காரர். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

மார்ச் 6, வெள்ளி

பெடலைக் கழற்றி எண்ணெய் விட்டேன். ஸ்டாண்டுகளுக்குத் துணி சுற்றினேன். சிம்பல்களைத் தூக்கி மூலையில் வைத்தேன். தோடு, வளையல் கழற்றினேன். செருப்பில்லாமல் வெறுங்காலில் அடித்தேன். ஏழு டேக். ஏழிலும் சிலுக்.

தம்பி கைகட்டி நின்று, எல்லாம் என் குற்றம் என்கிற மாதிரி பார்த்தான். பேசியிருந்தால் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பேன்.

மார்ச் 7, சனி

என் பாட்டுக்கு மட்டும் வேறு ஆள் அடிப்பாராம். இதை எனக்குச் சொன்னது யார்? அம்மா! "நீயே பக்குவமா சொல்லிடும்மா"ன்னானாம். மேடையில ஆயிரம் பேர் முன்னாடி நெஞ்சைத் திறந்து காட்டிக்கிட்டு ஆடத் தெரியுது, அக்கா மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை பேச தைரியம் இல்ல. என் பாட்டுடா அது. நான் பெத்த பாட்டு. அதுக்கு நான் வேண்டாமாம்.

கோபப்படாதே என்கிறாள் அம்மா. அவன் பாவமாம். யார் பாவம்?

மார்ச் 9, திங்கள்

பல்லைக் கடித்துக்கொண்டு இருபத்தெட்டுப் பல் பதித்தேன். முதலாளி எடுத்துப் பார்த்துவிட்டு, இதைப் போட்டுக்கொண்டால் கிழவர் எல்லாரையும் கடிக்க வருகிற மாதிரி இருப்பார் என்றார். கழற்றி மறுபடி செய்தேன்.

மதியம் நெட்டையன் வந்து வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான். புது டேப் தீர்ந்துவிட்டதாம். என் மூன்றாவது டேக்கை அழித்துவிட்டார்களாம், வாடகைக்கு வந்த டிரம்ஸ்காரரை அதே டேப்பில் பதியப் போகிறார்களாம். அதாவது, அது இனி இல்லை. அழித்தாயிற்று. ஒரு தடவை கேட்டுக்கொள்கிறாயா என்றுகூட ஒருத்தனும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் நாற்காலியில் கோட்டு கிடக்கிறது. கைப்பக்கம் கிழிந்துவிட்டதாம், தைத்துத் தரவேண்டுமாம், அம்மா கொண்டுவந்து வைத்திருக்கிறாள். என்ன நெஞ்சழுத்தம் பார். ஆத்திரத்தில் எடுத்து உதறினேன்.

சிலுக்.

நின்றுவிட்டேன். இன்னொரு தடவை உதறினேன். சிலுக். அதே சத்தம்.

தாளத்துக்கு ஏற்ப அவன் தோளை ஆட்டுவான், சின்ன வயதிலிருந்தே. என் கால் இறங்குகிற அதே கணத்தில் அவன் தோள் இறங்கும், ஆயிரத்து நானூறு தகடும் மைக்குக்குப் பக்கத்தில் ஒன்றோடொன்று உரசும். அதனால்தான் அடிக்கு அடி பிசகாமல் விழுந்திருக்கிறது.

அவன் கேட்டது பிளாஸ்டிக். தகடு வாங்கியது நான். என் கையாலேயே என் டேக்குக்குக் குழி தோண்டியிருக்கிறேன். உட்கார்ந்து அழுதேன். அதுவும் கோபத்தில் வந்த அழுகைதான்.

உடனே போன் செய்து சொல்லலாம். எதற்குச் சொல்லவேண்டும்? என்னை யாராவது கேட்டார்களா? கிழிசலைத் தைத்தேன். மிச்சம் கிடந்த சம்கி அறுபதையும் அதே கையில் வரிசையாகக் கோத்தேன். பாடட்டும். நன்றாக ஆடிப் பாடட்டும்.

மார்ச் 10, செவ்வாய்

நாள் முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தேன். சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 11, புதன்

மூலையில் விட்டுவந்த என் சிம்பல்களை எடுக்க ஸ்டூடியோவுக்குப் போனேன். எடுக்கத்தான் போனேன். வேடிக்கை பார்க்கவும்தான், என்னிடம் நான் எதற்குப் பொய் சொல்ல?

வாடகைக்கு வந்தவர் தரையில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். ஹோட்டல்களில் முப்பது வருஷமாக அடிப்பவராம். சுற்றிலும் அவருடைய டிரம்ஸ் அக்கக்காகக் கிடந்தது. மூன்றாவது தடவையாகக் கழற்றுகிறார். சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. மோதிரம், கைக்கடிகாரம் எல்லாம் பக்கத்தில் ஒரு கைக்குட்டையில். எதிரே, மைக்குக்குப் பக்கத்தில் தம்பி கைகட்டி நின்றிருந்தான், முந்தாநாள் நான் தைத்த கோட்டோடு. எனக்குக் காட்டிய அதே முகம்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்களும் இப்படித்தான் எல்லாத்தையும் கழட்டிப் பாத்தீங்களாம்மா? எனக்கு ஒண்ணும் புரியல. வயசாகிட்டதால என் காலே இழுக்குதோ என்னவோ."

என் சிரிப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இவர் எனக்கு என்ன கெடுதல் செய்தார்?

நேராக மைக் பக்கம் போனேன். தம்பியின் தோளைப் பிடித்து, மைக் முன்னால் நிறுத்தி, ஒரு உலுக்கு. ஸ்பீக்கரில் சிலுக் என்றது. எல்லாருக்கும் கேட்டது. ஸ்டூடியோக்காரர் தலையைச் சொறிந்தார். பெரியவர் எழுந்து கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார்.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்றான் தம்பி.

"திங்கக்கிழமை."

"ஏன் சொல்லல?"

"நீ ஏன்டா கேக்கல? அறுபது சம்கி கூடவே வச்சுத் தச்சேன், போதுமா?"

அதற்கு மேல் நான் பேசியது இங்கே எழுதுகிற மாதிரி இல்லை. அழித்த டேக்கைப் பற்றிப் பேசினேன். அம்மாவைத் தூது அனுப்பியதைப் பற்றிப் பேசினேன். ஆறு வருஷத்தையும் பேசினேன். அவன் கண் மை வழிந்தது. வழியட்டும். பெரியவரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டேன். காலில் குறையில்லை என்று தெரிந்ததே போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 12, வியாழன்

ஸ்டூடியோவில் கடைசி நாள். வரச்சொல்லி நெட்டையன் போன் செய்தான். தம்பிக்காக இல்லை, என் பாட்டுக்காகப் போனேன்.

ஒரே டேக். தம்பி பனியனோடு நின்று பாடினான். எலும்பும் தோலுமாக, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இருந்தான். முதல் வரியில் குரல் நடுங்கியது. நான் கோபத்தில் அடித்தேன். மூன்றாவது நிமிஷத்தில் ஒரு அடி தாறுமாறாக விழுந்தது. திருப்பி எடுக்க யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த மூன்றாவது டேக் மாதிரி இல்லை. வரவே வராது.

குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

அவன் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் அந்த அறுபதுக்குக் கேட்கவில்லை.

ஜூன் 20, சனி

இசைத்தட்டு வந்துவிட்டது. அம்மா கையில் கொடுத்தனுப்பியிருக்கிறான். இதற்கும் அம்மா! அட்டையில் அவன் கோட்டோடு தோகை விரித்து நிற்கிறான், நாங்கள் பின்னால் தூண் மாதிரி. நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் ஊசியை வைத்தேன். நேரே ஆறாவது பாட்டுக்கு.

பாட்டுக்கு முன்னால் ஒரு சத்தம். சிலுக். ஒரே ஒரு தடவை. பிறகு அவன் குரல், மெதுவாக, மைக்கை விட்டுத் தள்ளி: "ஆரம்பி, அக்கா."

கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்ட சத்தம். அன்றைக்கு இருந்த கோபத்தில் இது என் காதில் விழவில்லை, டேப் அதற்கு முன்னாலேயே ஓட ஆரம்பித்திருக்கிறது. இதை மட்டும் வெட்டிவிடலாம் என்று ஸ்டூடியோக்காரர் இரண்டு தடவை சொன்னாராம், மயில்தான் விடவில்லையாம். இது நெட்டையன் சொல்லித் தெரிந்தது.

கோபம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். போகவில்லை. ஊசியைத் தூக்கி மறுபடி ஆரம்பத்தில் வைத்தேன்.