பழசும் இருக்கட்டுமே

ஜூன் 9, திங்கள்
விடாத மழை. கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆரியசாலைக் கடைத்தெரு வரை நடந்ததில் சேலையெல்லாம் சேறு. நான் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் வியாபாரிகள் சங்க ஆபீஸில் பிரௌசர் அப்டேட். சங்கத்து சைட் திறக்கவில்லை. ‘பாதுகாப்பற்ற இணைப்பு.’ சைட்டுக்குத் தெரிந்தது டிஎல்எஸ் 1.0 மட்டும். ஓட்டை விழுந்த பழைய மறையாக்கம், பிரௌசர் அதை அணைத்தே வைத்திருக்கிறது.

செயலாளர் அண்ணாச்சி: “பிரௌசருக்கு இத்தன கொழுப்பா? பழசத் தொறந்து விடு மோளே. எல்லா மெம்பர் கடையிலயும்.”

சைட்டைப் புதுப்பிக்க ஒரு மத்தியானம் போதும். செய்து கொடுத்தவன் துபாயில். காசு கொடுத்து வேறு ஆள் பிடிக்க அண்ணாச்சி மாட்டார். சங்கப் பணத்தில் ஆபீஸ் வாசலுக்கு கிரானைட் மட்டும் போட்டாயிற்று.

செய்யாவிட்டால் மாதக் கடைசியோடு எனக்கு வேலை இல்லையாம்.

ஜூன் 10, செவ்வாய்
அண்ணாச்சி மறுபடி: “புதுசும் இருக்கு, பழசும் இருக்கட்டுமே. என்ன குடி முழுகிப் போச்சு?”

அவர் பாஷையில் சொன்னேன். “அண்ணாச்சி, நீங்களும் வாங்க வர்றவரும் தமிழ்ல ரகசியமா விலை பேசலாம். தமிழ் தெரியாத தரகர் நடுவுல நின்னு, ‘அவருக்குத் தமிழ் வராது, மலையாளத்துல பேசுங்க’ன்னு ரெண்டு பேர்கிட்டயும் சொல்றாரு. நீங்க மாறிடுவீங்க. தரகரு முழுசும் கேட்டுடுவாரு. மலையாளமே பேச மாட்டேன்னு நின்னா அந்த ஏமாத்து நடக்காது. பிரௌசர் செய்யறது அதுதான்.”

வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த மண்டையில் ஏதோ ஏறிவிட்டது என்று நம்பினேன். என் மடத்தனம்.

ஜூன் 11, புதன்
மிளகாய்த் தரகர் ராஜப்பன் சேட்டன் ஆபீஸ் வாசலில். முகமெல்லாம் சிவப்பு. “ஞான் கள்ளனோ? யாரோட கச்சவடப் பேச்ச ஒட்டுக் கேட்டேன், பற!”

தரகர் கள்ளன் என்று நான் சொன்னதாக ஆரியசாலை முழுக்க அண்ணாச்சி பரப்பியிருக்கிறார். இவரும் ஒரு செயலாளர். பக்கத்தில் நின்று தலையாட்டல் வேறு.

சேட்டனிடம் மன்னிப்புக் கேட்டேன். டீ குடித்துவிட்டுப் போனார். பாவம், நல்ல மனுஷன்.

ஜூன் 12, வியாழன்
வெயில். எந்தக் கடையிலும் திறந்துவிட மாட்டேன், வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் செய்ய மாட்டேன்.

சைட்டில் ஊழியர் ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கிறது. என்னுடையதை எடுத்துவிடச் சொன்னேன்.

“நீயே எடுத்துக்கோ. சைட் தொறந்தாத்தானே எடுக்க முடியும்?”

வேறு வழியில்லை. பிரௌசர் அமைப்புகளுக்குள் போய் என் கையாலேயே அந்தப் பழைய டிஎல்எஸ்ஸை இயக்கினேன். திறந்தது.

அண்ணாச்சி கை தட்டினார். “இத்தறயே உள்ளூ. இதுக்கா இவ்வளவு நாளு?”