ரப்பர் புஷ் வைத்ததையே வாங்கு

மச்சான்,

கருவாட்டுக் குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடு.

மேசையில் நீ வைத்துப்போன இரண்டு படங்களையும் பார்த்தேன், முன்சக்கரத்தைப் பிடித்து நிற்கும் கண்ட்ரோல் ஆர்ம்தானே. ஜீப்பை உயரம் ஏற்றியதில் முன்சக்கரம் பின்னால் தள்ளிப்போய்விட்டது. அதனால் நீளம் மாற்றக்கூடியதுதான் வேண்டும், சரி. ஆனால் “பாறை ஏறணும்னா இரும்பு மூட்டுதான்டா” என்று உன் ஃப்ரெண்ட் ஜெபசிங் சொன்னதற்காக அதை வாங்காதே. முனையில் ரப்பர் புஷ் வளையம் வைத்ததை வாங்கு, அதிகம் குலுங்காது. கம்பெனியில் தினம் புஷ் சோதிக்கிறவள் சொல்கிறேன்.

நேற்று, “நீயா அதுல குந்தப்போற?” என்று கேட்டாய். நீ கூப்பிட்டால்தானே?

ஞாயிறு எனக்கு ஷிஃப்ட் இல்லை. மாமல்லபுரம் போகலாம்.

ரெஜினா

ஜெபசிங்கின் நீளக் காலுக்காக ஜீப்பின் இடப்பக்கச் சீட்டைப் பின்னால் தள்ளி வைத்திருந்தாய். காலையில் ஏறி உட்கார்ந்து, என் காலுக்கு முன்னால் இழுத்துவிட்டேன். அப்படியே இருக்கட்டும்.