சத்தம் போடக் கூடாது

2021, ஞாயிறு இரவு, கொட்டாஞ்சேனை

இரத்மலானை உதைபந்தாட்ட மைதானத்துக்குள் எங்கள் அணியின் ரசிகர்களை விடவில்லை. கொரோனாவாம். பஸ்ஸில் இடிபட்டுக்கொண்டு வரலாமாம், மைதானத்தில் நிற்கத்தான் கூடாதாம்! எங்கள் வீரர்களின் கைக்கு சனிடைசர் அடிக்கும் ஆளாக நான் மட்டும் உள்ளே போனேன். சத்தம் போடக் கூடாது என்றார்கள். கூட வந்த பெடியன்கள் மதிலுக்கு வெளியே ஒன்றும் தெரியாமல் நின்றார்கள்.

ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்க நாங்கள் கோல் அடித்தோம். வெளியே நிற்கிற பெடியன்களுக்கு யார் சொல்வது? மாஸ்க்கைக் கழற்றிவிட்டு "கோல்!" என்று கத்தினேன். மதிலுக்கு அப்பால் பட்டாசு வெடித்தது.

"அண்ணே, வெளியில போங்க" என்றார் அதிகாரி. ராஜா மாதிரிப் போனேன். மிச்ச ஆட்டத்தை எல்லோரும் மதிலில் காது வைத்துக் கேட்டே வென்றோம்.

"என்னப்பா, வெண்டிட்டீங்களோ?" என்று மனைவி கேட்டாள். கத்திக் கத்தி, ஓம் என்று சொல்லக்கூடத் தொண்டையில் சத்தமில்லை.