அதிகாரி பாராட்டிய கஞ்சாச்செடி

நேற்று வேங்கிக்காலில் பந்தல் போட்டு வீட்டுத்தோட்டக் கண்காட்சி நடத்தினார்கள். நம் ஊர் மாவட்டத் தலைநகர் ஆனதிலிருந்து இப்படி எதையாவது நடத்திக்கொண்டேயிருக்கிறார்கள். என் வீட்டுக்காரி தன் மிளகாய்ச் செடியைக் கொண்டுவந்து வைத்தாள். தொட்டியைப் பஸ்ஸில் மடியில் சுமந்து வந்தவன் நான். ஈர மண்ணும் எருவும் வேட்டியெல்லாம் ஏறிவிட்டன. அத்தர் விற்கிறவன் மேல் ஆட்டுப் புழுக்கை நாற்றம் அடித்தால் வியாபாரம் என்ன ஆவது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஆள் வந்தான்.

அந்த ஆள் என்றால் உனக்குத் தெரியும். விவசாய அதிகாரி. பதவி உயர்ந்திருக்கிறது, தொப்பையும் கூடவே உயர்ந்திருக்கிறது. ஆனால் இலையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, கன்னத்தைத் தடவுகிற மாதிரி புரட்டிப் பார்க்கும் பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. பக்கத்து மேஜை ரோஜாவைக் குனிந்து பார்த்தவன், "ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றான். என் கண் ஒளிய இடம் தேடியது. உன்னை ஜெயிலுக்கு அனுப்பின வாக்கியம் ஒரு ரோஜாச் செடிக்குச் சும்மா கிடைத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன்னைப் பற்றி ஊரில் இன்னும் பேசுகிறார்கள். பஸ் ஸ்டாண்டு டீக்கடைக் கதைப்படி நீ பம்பாய்க்கு மூட்டை மூட்டையாகக் கஞ்சா அனுப்பினவன். செங்கம் ரோட்டு டீக்கடையில் உனக்கு ஒரு வெள்ளைக்காரியையும் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். நான் திருத்துவதில்லை. ஒரே ஒரு செடி, அதில் ஒரு இலைகூட விற்கவில்லை என்று சொன்னால் என்னையல்லவா பைத்தியம் என்பார்கள்?

நாம் பழகினதே உன் கைராசியால்தான். எழுபதுகளின் ஆரம்பம். நீ படிப்பை முடித்துவிட்டு ஊரில் சும்மா இருந்த காலம். விதை விடுகிற நாளெல்லாம் எங்கள் கடைக்குச் சாம்பிராணியும் கற்பூரமும் வாங்க வருவாய். வாங்கின பிறகும் போகமாட்டாய். என் அத்தாவின் பெஞ்சில் உட்கார்ந்து மதியம் வரை ஈ ஓட்டுவாய். "வயல்ல விதை விடுறாங்க, நீ இங்க இன்னாப்பா பண்ற?" என்று ஒருநாள் கேட்டேன். "பூஜை சாமான் வாங்கிட்டு மெதுவா வாடானு அண்ணன் அனுப்பிட்டாரு, பாய். நான் இருந்தா முளைக்காதாம்" என்றாய். சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். சின்ன வயதில் நீ நட்ட வாழை பட்டுப்போனதாம். அடுத்து நீ கை வைத்த கத்திரியில் பூச்சி விழுந்ததாம். அதோடு வீடு கூடித் தீர்ப்பு எழுதிவிட்டது. விவசாயி வீட்டுப் பிள்ளையை விதைக்கிற நாளில் ஊரைவிட்டே அனுப்பிவிடுகிற வழக்கத்தை உங்கள் வீட்டில்தான் பார்த்தேன்.

தாலுகா ஆபீசில் உனக்கு வேலை கிடைத்தபோது எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். உன் அண்ணன் மட்டும் கொஞ்சம் கூடுதலாக. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பின்னால் வீடு பிடித்தாய். மாடி அறையை வெள்ளைக்காரர்களுக்கு விட்டாய். உனக்கு வாழ்க்கைப்பட்டு வந்த தங்கச்சி துளசி வைக்கச் சொன்னாள். வைத்தாய். கருகியது. அப்புறம் அவள் கேட்கவில்லை.

பிறகு மாடியில் இருந்த சடைமுடி வெள்ளைக்காரன் அறையைக் காலி செய்தான். அவன் கழுவி ஊற்றின விதையில் ஒன்று, அங்கணத் தண்ணீர் ஓடுகிற கால்வாய் ஓரமாக முளைத்தது. நீ அதைப் பார்த்த அன்று என்னை ஆள்விட்டுக் கூப்பிட்டாய். பிள்ளை பிறந்த வீட்டுக்கு வருகிற மாதிரி கடையைச் சாத்திவிட்டு வந்தேன். "இன்னா செடி தெரியுதா பாய்?" என்று கிசுகிசுத்தாய். "தெரியுது, புடுங்கிப் போடு" என்றேன். நீ அதை வேர் மண்ணோடு பெயர்த்து ஒரு பழைய எண்ணெய் டின்னில் நட்டாய். உன் கையால்.

அது சாகவில்லை. அதுதான் வம்பு.

அதற்கு நீ செய்த சேவையை எனக்கு யாரும் செய்ததில்லை, என் மாமியார் வீடு உட்பட. ஏரி வண்டலை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தாய். ஆட்டுப் புழுக்கையை மக்கவைத்தாய். கோயிலில் கழித்துப் போட்ட மாலைகளைக் கெஞ்சி வாங்கி, நாரை உருவி, குழியில் போட்டு எருவாக்கினாய். அரிசி கழுவின தண்ணீர் அதற்குத்தான். காலையில் வெயிலுக்கு இழுப்பாய், மதியம் சாப்பாட்டுக்கு வந்து நிழலுக்கு நகர்த்துவாய். டின் போதாமல் தண்ணீர் டிரம்மைப் பாதியாக வெட்டி அதற்கு மாற்றினாய். செடி சுவரைத் தாண்டியது. வாசனையும் தாண்டியது. அதை மறைக்க என் கடைச் சாம்பிராணி. தினமும் சாயங்காலம் நீ புகை போட்டதில், தெருவே உன்னைப் பெரிய பக்திமான் என்று நம்பியது.

சாமியார்கள் மட்டும் ஏமாறவில்லை. மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து கொல்லைக் கதவைத் தட்டினார்கள். "பூ கொஞ்சம் குடு சாமி, சிவனுக்கு" என்றார் ஒருவர். "சிவனே வந்தாலும் கிள்ளக் கூடாது" என்று நீ விரட்டினாய். அவர் விட்ட சாபம் எனக்கும் சேர்த்து. உதிர்ந்த இலையை ஒரு தடவை பீடியில் சுருட்டி நாம் இழுத்துப் பார்த்தோம். நீ இருமினாய். நான் என் மாமியாரைப் புகழ்ந்து பேசியதாகச் சொன்னாய். அத்தோடு பயந்து விட்டுவிட்டேன்.

செடி அருமையாக வந்திருக்கிறது என்று எத்தனை தடவை உன்னிடம் சொன்னேன்! நீ மதிக்கவில்லை. "உனக்கு எல்லா வாசனையும் நல்ல வாசனைதான், பாய். வெவசாயம் தெரிஞ்சவன் சொல்லணும்" என்றாய். தெரிந்தவனும் வந்தான். உன் அண்ணன். தீபத்துக்குக் கடை வீதிக்கு வந்தவனைக் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப் போனாய். அவன் செடியைப் பார்த்தான், உன்னைப் பார்த்தான், துண்டை உதறித் தோளில் போட்டான்.

"இது இன்னாடா, மலையடியில குப்பைமேட்டுல தானா முளைக்கிற சனியன். இதுக்கு வேற ஒருத்தன் தண்ணி ஊத்தணுமா?"

உன் முகம் எப்படிப் போயிற்று என்று எழுதமாட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் டெல்லியில் புதுச் சட்டம் போட்டார்கள். அதுவரைக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. நம் ஊரில் யாரும் கண்டுகொள்ளவில்லை. இனி அப்படி இல்லை, வருஷக் கணக்கில் உள்ளே போடுவார்கள் என்று பேப்பரில் வந்தது. தங்கச்சி அழுதாள். "புடுங்கிடுங்களேன், உங்களுக்குப் புண்ணியமா போவும்." நான் அரிவாளையே கொண்டுவந்துவிட்டேன். நீ என்ன சொன்னாய்? "புடுங்கிடறேன் பாய். அதுக்கு முன்னாடி விஷயம் தெரிஞ்சவன் ஒருத்தன் பார்த்துட்டுப் போவட்டும்."

மறுநாள் அந்த அதிகாரியை நீயே கூட்டிக்கொண்டு வந்தாய். தாலுகா ஆபீசில் பழக்கமாம், நல்ல மனுஷனாம். நானும் இருந்தேன். அவன் இலையைப் புரட்டினான். மண்ணைக் கிள்ளி முகர்ந்தான். "எரு இன்னா போட்டீங்க?" என்று கேட்டான். நீ பரீட்சைக்குப் படித்துவந்த பையன் மாதிரி எல்லாவற்றையும் ஒப்பித்தாய். "ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றான். தங்கச்சி போட்ட காப்பியைக் குடித்து, நன்றி சொல்லிவிட்டு, நேரே ஸ்டேஷனுக்குப் போனான். இப்படிச் செடியைப் பார்த்தால் சொல்லியாக வேண்டியது அவன் கடமை, சட்டமே அப்படித்தான் என்று பிற்பாடு வக்கீல் சொன்னார். இருக்கட்டும். காப்பியைக் குடிக்காமல் போயிருக்கலாம்.

ஜீப்பில் ஏற்றும்போது தெருவே கூடி நின்றது. செடியை வேரோடு பிடுங்கிக் கட்டி உன் பக்கத்திலேயே போட்டார்கள். நான் ஓடி வந்தேன். வீட்டைப் பார்த்துக்கொள் என்று சொல்வாய் என்று நினைத்தேன். "பாய், நல்லா வந்திருக்குனு சொன்னாருல்ல? நீ கேட்டல்ல?" என்றாய்.

வக்கீல் கெட்டிக்காரர். உன் அண்ணனையே சாட்சிக்குக் கூட்டி வந்தார். இது தானாக முளைக்கிற களை, என் தம்பி கை பட்டால் புல்லும் முளைக்காது, ஊரைக் கேளுங்கள் என்று அவன் கூண்டில் நின்று சொன்னான். உன்னை ஆயுசு முழுக்க அவமானப்படுத்தின பேச்சு, ஒரே ஒரு நாள் உன்னைக் காப்பாற்ற வந்தது. நீ வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் போதும். ஏற்கெனவே அந்த அதிகாரி, செடி நல்ல பராமரிப்பில் செழித்து வளர்ந்திருந்தது என்று சொன்னபோது நீ திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாய். அப்போதே எனக்குப் பயம் வந்துவிட்டது. நீதிபதி, "நீ ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

"தானா முளைக்கலைங்க ஐயா. நான்தாங்க வளர்த்தேன். மண்ணு நான் கொண்டாந்தது, எரு நான் போட்டது."

வக்கீல் தலையில் கையை வைத்தார். உன் அண்ணன் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்காகத்தான் சொன்னாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வேலை போயிற்று. வேலூரிலிருந்து நீ திரும்பி வந்தபோது சட்டைக்குள் ஆளைக் காணோம். "உள்ள தோட்ட வேலை குடுத்தாங்க பாய்" என்றாய். எப்படிப் போயிற்று என்று ஆவலாகக் கேட்டேன், முட்டாள் மாதிரி. "கத்திரி போட்டேன். ஒண்ணும் வரல." மஞ்சள் காமாலை வந்து அடுத்த மழைக்குள் போய்விட்டாய். உன்னைப் புதைத்த மண்ணில் உன் அண்ணன் முதல் பிடி போட்டான். அதற்கு அவன் கை ராசியானதுதான்.

நேற்றைய கதையை முடிக்கிறேன். ரோஜாவைவிட்டு அந்த ஆள் எங்கள் மேஜைக்கு வந்தான். என்னை அடையாளம் தெரியவில்லை. மிளகாய் இலையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துப் புரட்டினான்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு. யார் வளர்த்தது?"

என் வீட்டுக்காரி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பூரித்துப்போய், வாயைத் திறந்தாள். அதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"தானா முளைச்சதுங்க சார்."

வக்கீல் கெஞ்சியும் நீ சொல்லாத சொல். என் வாயில் எவ்வளவு வழுக்கிக்கொண்டு வந்தது பார். அந்த ஆள் தலையாட்டிவிட்டு நகர்ந்தான். நான் ரோட்டில் ஜீப் ஏதாவது நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கோபுரம் தெரிகிற திருப்பத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப இத்தினி நாளா தண்ணி ஊத்தினது யாருங்க?"

நான் தொட்டியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.