அப்பாவின் இரட்சிப்பும் தாமாரின் கேள்வியும்

அன்பு மகள் லவீனியாவுக்கு, கெண்டக்கியிலிருந்து அம்மா எழுதுவது. தெற்கே நாட்செஸில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இங்கே உன் அப்பா இரட்சிக்கப்பட்டுவிட்டார், மற்றபடி எல்லாரும் நலம்.

சிரிக்காதே. சென்ற வருடம் ஆகஸ்டில் ஓடைக்கரைக் காட்டில் எழுப்புதல் கூட்டம் கூடியது, ஐந்து நாள், எங்கு பார்த்தாலும் கூடாரமும் வண்டியும். பிரசங்கியார் பெலேக் ஸ்ட்ரவுட் மேடையேறி, நேற்றுத்தான் நரகத்துக்குப் போய்த் திரும்பியவர் போல அதை அடுப்பு அடுப்பாக விவரித்தார். வேடிக்கை பார்க்கப் போன உன் அப்பா இரண்டாம் நாள் வெட்டிய மரம் மாதிரிச் சாய்ந்தார், சாய்ந்தவர் பரவசத்தில் குரைக்கவும் செய்தார். நம் வேட்டை நாயே ஒரு நிமிடம் குழம்பிவிட்டது. வீடு திரும்பியதும் கோடாரியை எடுத்துச் சாராயம் காய்ச்சும் செம்புக் கொப்பரையைப் பிளந்தார், கொட்டிய ஊறலைத் தின்ற பன்றிகள் மூன்று நாள் பக்தியோடு தள்ளாடின. அப்புறம் பிடில், சீட்டுக்கட்டு, புகையிலை எல்லாம் நெருப்புக்குப் போயின. மதுவிலக்குச் சங்கம் வைத்து அதற்குத் தலைவரும் அவரேதான், இருபது வருடம் ஊருக்கே ஊற்றிக் கொடுத்தவர் இப்போது வீடு வீடாகப் போய்க் குடிக்கிறவனுக்கு வெட்கமில்லையா என்று கேட்கிறார். நான் குறை சொல்லவில்லை. அவர் கை என் மேல் விழுந்து ஒரு வருடம் ஆகிவிட்டது, அதற்காகவே அவர் இன்னும் கொஞ்சம் குரைத்தாலும் பொறுத்துக்கொள்வேன்.

இந்த ஆகஸ்டில் மறுபடி கூட்டம். பெண்களும் எழுந்து சாட்சி சொல்லலாம் என்றார் ஸ்ட்ரவுட், பாவம், யாரும் எழமாட்டோம் என்ற தைரியத்தில். உன் அப்பா முதலில் எழுந்து தான் விட்டதையெல்லாம் வரிசையாகச் சொன்னார். "சகோதரர்களே, என் வீட்டுல பாவம்னு ஒண்ணுகூட மிச்சம் இல்ல" என்று முடித்தார். அந்த நேரம் நம் வீட்டு அடிமை தாமார் பின்னால் எல்லாருக்கும் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள். எனக்கு என்ன வந்ததோ, எழுந்து நின்று, "அப்ப தாமார்?" என்று கேட்டுவிட்டேன். "கெசியா, உக்காரு" என்று உன் அப்பா பல்லைக் கடித்தார். தாமார் சமைத்த பன்றித்தொடையை வாரம் தவறாமல் ருசிக்கும் பிரசங்கியாருக்குத் திடீரென்று இருமல் வந்தது. ஆனால் தோல் பதனிடுகிறவரின் மனைவி ஆல்மைரா, "அந்தம்மா கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க சகோதரரே" என்றாள், பின்னாலிருந்த பெண்களும் "சொல்லுங்க, சொல்லுங்க" என்று பிடித்துக்கொண்டார்கள். அத்தனை பேர் முன்னால் அரைகுறையாக இரட்சிக்கப்பட்டவர் என்று பெயரெடுக்க உன் அப்பாவுக்கு மனமில்லை. அவரை அசைத்தது தேவனோ மானமோ தெரியாது, மூன்றாம் வாரம் கோர்ட்டுக்குப் போய் விடுதலைப் பத்திரம் எழுதிவிட்டார்.

அதைத் தாமாருக்கு நான்தான் சமையலறையில் வாசித்துக் காட்டினேன். அவள் அழுவாள், நானும் அழலாம் என்று கைக்குட்டைகூட எடுத்து வைத்திருந்தேன். அவள் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு, "இதுல என் பேரு மட்டுந்தானம்மா இருக்கு. எம்மவ சில்வி பேரு எங்க?" என்றாள்.

உன் கல்யாணத்துக்கு மெத்தை விரிப்பு, வெள்ளிக் கரண்டியோடு சில்வியையும் சீதனமாக அனுப்பினோமே, அப்போது அவளுக்குப் பதினொரு வயது. அன்று தாமார் அடுப்பை விட்டுவிட்டு வாசலில் நின்றாள், நான் குழம்பு அடிப்பிடிக்கிறது என்று அவளைத் திட்டினேன். கூட்டத்தில் அவ்வளவு பெரிதாகக் கேள்வி கேட்ட எனக்கு, இந்த ஒரு வருடத்தில் ஒரு நாளும் அந்தப் பெண் நினைவுக்கு வரவில்லை. ஆகவே உன் அப்பாவை மட்டும் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை.

தாமார் இப்போது ஆற்றுக்கு அக்கரையில், ஓஹையோவில், துணி துவைத்துப் பிழைக்கிறாள். தெற்கிலிருந்து நீராவிப் படகு வரும்போதெல்லாம் வேலையைப் போட்டுவிட்டுத் துறைக்கு வந்து நிற்கிறாளாம். இங்கே நான் சுடும் ரொட்டியை உன் அப்பா பாவப் பரிகாரமாகத் தின்கிறார்.

சில்வியைக் கேட்டால், அடிமை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு மாப்பிள்ளை வேத வசனம் எடுத்துக் காட்டுவார். அதெல்லாம் உன் அப்பாவுக்கும் மனப்பாடமாக இருந்ததுதான் என்று சொல். மாப்பிள்ளையிடம் தனியாகக் கேட்காதே, நாலு பெரிய மனிதர் விருந்துக்கு உட்கார்ந்திருக்கும்போது கேள், எனக்குப் பலித்த வழி அது ஒன்றுதான். சில்வியை நம்பிக்கையான துணையோடு என் பெயருக்கு அனுப்பு, அவள் விடுதலைப் பத்திரத்தை இங்கே எழுதிக்கொள்கிறோம்.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் காப்பாராக. குளிர்காலத்தில் ஆறு உறைந்தால் படகு வராது, மறந்துவிடாதே. எனக்குப் பதில் கடிதம் வேண்டாம். அந்தப் பெண் வந்து இறங்கினால் போதும்.

உன் அம்மா,
கெசியா