ஆறாத வெந்நீர்

பென்னாகரம்

அன்புள்ள கவி அக்காவுக்கு, அம்மா சொல்லச் சொல்ல சுசித்ரா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் ஆடுகளும் சுகம், ஜெர்மனியில் நீயும் சுகம் என்றுதான் சொல்வாய், ஆனால் ஞாயிறு வீடியோவில் பேசி முடிக்கும்வரை கையிலிருந்த டீயை நீ குடிக்கவே இல்லை, அதில் ஆடை படிந்ததை நான் பார்த்தேன். ஆராய்ச்சியை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன், பரணிலிருக்கும் என் துணிப்பெட்டியை இறக்கி வை என்றாய், இறக்கி வைத்தேன். அன்றிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. "வந்தா வரட்டும் கண்ணு, நம்ம வூடுதானே, தோத்துட்டோம்னு நெனச்சிக்கிட்டு மட்டும் வரக்கூடாதுன்னு எழுது" என்கிறாள்.

கம்ப்யூட்டரில் நீ போடும் கணக்குக்கு என்ன ஆயிற்று என்று அம்மா கேட்டாள், எனக்குப் புரிந்தவரை சொன்னேன். நூற்றுக்கணக்கான விண்மீன் மண்டலங்கள் சேர்ந்த கூட்டத்தில் சூடான வாயு நிறைந்திருக்கிறது, அது எப்போதோ ஆறியிருக்க வேண்டும், ஆறிய வாயு நடுவிலுள்ள கருந்துளைக்குள் விழ விழ அந்தத் துளை சூட்டைத் திருப்பிப் பீய்ச்சியடித்து மற்றதை ஆறவிடாமல் வைக்கிறது, அக்கா கணக்கில் மட்டும் ஆறிப்போகிறது, இல்லாவிட்டால் கொதித்துச் சிதறுகிறது என்றேன். "ஏண்டி, இது உன் தொட்டி சங்கதியாட்டம் இருக்குதே" என்று அம்மா சிரித்துவிட்டாள்.

போனில் எனக்கு வாய் வராது, அதனால்தான் எழுதுகிறேன். நூல் எடுக்கும் ஆலையில் பட்டுக்கூடு மிதக்கும் வெந்நீர்த் தொட்டிக்குள் குழாயில் நீராவி விடுவோம் அல்லவா, வேலைக்குச் சேர்ந்த வாரம் தண்ணீர் ஆறி இழை அறுந்ததும் பயந்துபோய் வால்வை முழுதாகத் திறந்துவிட்டேன், கூடெல்லாம் குழைந்துபோயிற்று. பக்கத்துத் தொட்டி சோபனா அக்கா, "நூல் எடுக்க வந்தியா, களி கிண்ட வந்தியா" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினாள். இனிப் போகமாட்டேன் என்று அழுதபோது, நாளைக்கும் போடி என்று சொன்னவள் நீதான். இப்போது இழை அறுந்தால் வால்வை மயிரிழையளவுதான் திறப்பேன், குமிழிகள் மேலே ஏறும்போதே தண்ணீரைக் கலக்கி ஓரம்வரை சூட்டைக் கொண்டுபோகும். உன் கணக்கில் கருந்துளை ஒரேயடியாகத் திறக்கிறதா, கொஞ்சம் கொஞ்சமாகவா? எட்டாவதோடு நின்றவள் கேட்கிறேன், தப்பாக இருந்தால் சிரித்துக்கொள்.

கேழ்வரகு மாவும் அம்மாவின் சால்வையும் இதோடு வருகின்றன. எந்த ஊரில் இருந்தாலும் குறையில்லாமல் இரு என்று அம்மா ஆசீர்வாதம் சொல்கிறாள். டீயைச் சூடாகக் குடி.

இப்படிக்கு,
உன் அம்மா செல்லி,
தங்கை சுசித்ரா

பி.கு. துணிகளை வெயிலில் போட்டு மடித்து, பெட்டியை மறுபடி பரணில் ஏற்றிவிட்டேன்.