ரோட்டோர நிரை

2025, மார்ச் 3, திங்கள்

தோட்டம் கைமாறிவிட்டது. புது மேனேஜர் சுகுமாறன் என்னை ஆபீசுக்குள் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். மண்டோராக ஆட்களை வேலை வாங்கிய இத்தனை வருசத்தில் எந்தத் துரையும் சொன்னதில்லை.

"மண்டோரம்மா, நீங்க சொன்னாத்தான் உங்க ஆளுங்க கேப்பாங்க. எதுவும் மாறாதுன்னு தைரியம் குடுங்க."

கொடுத்தேன். செம்பனை உதிரிப்பழம் பொறுக்கும் என் ஆறு பெண்களையும் நிறுத்தி வைத்து, "நான் இருக்கேன், ஒருத்தி வேலையும் போகாது" என்றேன். கைதட்டினார்கள். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் பேச்சுக்கு! பேத்தி ஷாமினிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "பாட்டி லீடர் லா" என்றாள்.

மார்ச் 10

ஆறு பேர் பெயரையும் வரிசையாக எழுதித் தரச் சொன்னார் மேனேஜர். கணக்கெழுதும் கிராணியை விடாமல் நானே எழுதினேன். வரிசை என்றால் எனக்குக் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும்போது பெயர் கூப்பிடும் வரிசைதான். பேபிக்கு முட்டி வலி. அவளை முதலில் கூப்பிட்டு, நடை குறைவான ரோட்டோர நிரையை, ரோட்டை ஒட்டின மர வரிசையை, கொடுப்பேன். அடுத்து செல்லம்மா, கண் மங்கல். கடைசியில் எப்போதும் முத்தாயி. சதுப்புக்கு அனுப்பினாலும் எல்லாருக்கும் முன்னால் மூட்டையோடு வந்து நிற்பவள்.

மார்ச் 17

ஐயோ.

நான் எழுதிய பெயர்களைப் போர்டில் ஒட்டிவிட்டார்கள். முதல் மூன்று பேர் இருக்கலாம். கடைசி மூன்று பேருக்கு இந்த மாதத்தோடு சரி. ஆபீசுக்கு ஓடினேன்.

"நீங்க போட்ட வரிசைதாம்மா. நல்லா செய்றவங்க மேல, மத்தவங்க கீழ."

வெளியே முத்தாயி நின்றாள். "பத்தொம்பது வருசமா என்னைய சதுப்புக்கே அனுப்புனீங்க. ஒரு நாள் ஏன்னு கேட்டனா, அக்கா? இதுக்குத்தானா?"

மார்ச் 18

வரிசை தலைகீழ் என்று சொன்னால் முத்தாயி தப்பிப்பாள். பேபியும் செல்லம்மாவும் போவார்கள். பேபிக்கு வேறே எவன் வேலை கொடுப்பான்? சொல்லாவிட்டால் —

சொல்லவில்லை. பேபிக்காகவா? தப்பு செய்தேன் என்று சொல்ல வாய் வராமலா?

ஏப்ரல் 2

ஆளுக்கொரு டீசட்டை கொடுத்தார்கள். முதுகில் 'நாம் ஒரே குடும்பம்'. மிச்சமிருக்கிற மூன்று பேருக்கும் உற்சாகமாகப் பேசச் சொன்னார் மேனேஜர். பேசினேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேபி மட்டும், "சட்ட நல்லாருக்கு பெரியக்கா. ஆறு பேரு நிரைய யாரு பாக்குறது, சட்டையா?" என்றாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 11

மரத்தடியெல்லாம் பழம் அழுகிக் கிடக்கிறது.

ஏப்ரல் 23

"இவங்கதான் உங்க பெஸ்ட்டா?" என்றார் மேனேஜர். சொல்லிவிட்டேன். "நான் எழுதுனது வேற வரிசைங்க. தப்பு என்னோடது. முத்தாயிய கூப்பிடுங்க. ஆளு கொறைக்கணும்னா என்னைய எடுத்துருங்க, பேபிய விட்டுருங்க." நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். இதில் எதை எழுதினாரோ.

ஏப்ரல் 28

முத்தாயி திரும்பி வந்துவிட்டாள், மண்டோராக. அவளோடு போன இரண்டு பேரும் லுக்குட் பக்கம் ஃபேக்டரியில் சேர்ந்துவிட்டார்கள், வரமாட்டார்களாம். பேபிக்கும் செல்லம்மாவுக்கும் வேலையை விட்டு நிறுத்திக் கடிதம் கொடுத்தாயிற்று. என்னை நிறுத்தவில்லை. நிரையில் இறங்கிப் பழம் பொறுக்கச் சொன்னார்கள்.

பேபி டீசட்டையை மடித்து என் வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஷாமினி போன் பண்ணினாள். எடுக்கவில்லை.

மே 5, திங்கள்

பெரட்டுக்குப் போனேன். புதிதாக எடுத்த நாலு பேருக்கும் பின்னால், கடைசியாகப் போய் நின்றேன். சதுப்புக்குப் போகத்தான். இடுப்பு வலி தெரியக்கூடாதென்று நிமிர்ந்து நின்றேன்.

முத்தாயி என் பக்கம் திரும்பவே இல்லை. தாளைப் பிரித்தாள். முதல் பெயராக என் பெயரைக் கூப்பிட்டாள்.